காபி மேக்கர் வாங்கும் முன்: பட்டனை விடுங்கள், வாட்டைப் பாருங்கள்

ஆட்டோமேட்டிக் காபி மேக்கர் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சாதனங்கள் விற்கிறார்கள். தண்ணீரைச் சுடவைத்துத் தூள் மேல் தூவி, குடுவையில் வடியவிடும் ட்ரிப் மெஷின் ஒன்று. கொட்டையை அரைத்து, அழுத்தி, எஸ்பிரஸ்ஸோவாக இறக்கித் தரும் பெட்டி இன்னொன்று. மூன்றாவது கேப்ஸ்யூல் மெஷின். கேப்ஸ்யூலில் தூளின் அளவு, அரைப்பு, வறுப்பு எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகின்றன. நமக்கு மிஞ்சுவது நிறம் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும். எஸ்பிரஸ்ஸோ பெட்டி தனிக் கதை. அதன் முகப்பில் '15 பார்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், எஸ்பிரஸ்ஸோவுக்கு வேண்டிய அழுத்தம் 9 பார்தான் என்பதோடு அதை இங்கே விட்டுவிடலாம். இரண்டு பேருக்கு மேல் தினமும் காபி குடிக்கிற வீட்டில், செலவழித்த காசுக்கு அதிக ருசி தருவது ட்ரிப் மெஷின்தான். இந்தப் பதிவு அதைப் பற்றி.

ட்ரிப் மெஷினைக் கவிழ்த்து அடிப்பலகையைக் கழற்றினால் (பிளக்கைப் பிடுங்கிவிட்டு) கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். உள்ளே பம்ப் கிடையாது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்குகிறது. அதன் வாயில், தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் சின்ன வால்வு. அங்கிருந்து குதிரை லாடம் போல வளைந்த ஓர் அலுமினியக் குழாய். அதோடு ஒட்டிப் பிறந்தது போல ஹீட்டர். குழாய்க்குள் தண்ணீர் கொதிநிலைக்குப் போனதும் நீராவிக் குமிழ்கள் கிளம்பும். கீழே திரும்பிப் போக வால்வு விடாது. ஆகவே குமிழ்கள் தண்ணீரைத் துண்டு துண்டாக மேலே தள்ளிக்கொண்டு போய் ஷவரில் கொட்டுகின்றன. ஓடும்போது கேட்கும் 'கடகட' சத்தம் அதுதான். ஜெர்மனியில் 1954இல் 'விகோமாட்' என்ற பெயரில் மின்சார ட்ரிப் மெஷின் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மேலே திரையும் மொபைல் ஆப்பும் வந்து சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆக, நாம் வாங்குவது ஒரு ஹீட்டர், ஒரு ஷவர், ஒரு ஃபில்டர் கூடை, ஒரு குடுவை. இந்த நான்கில் எது சரியில்லை என்றாலும் எந்தப் பட்டனும் அதை ஈடுகட்டாது.

ஹீட்டர்

தூளைத் தொடும் தண்ணீர் 92 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். தூளில் கரையக்கூடியது எடையில் சுமார் 30 சதவீதம். தூளின் மொத்த எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால்தான் ருசி சமநிலையில் நிற்கும். புளிப்பு முதலில் கரையும், இனிப்பு அடுத்து, கசப்பு கடைசியில். தண்ணீர் 85 டிகிரியில் விழுந்தால் முதல் கட்டத்தோடு நின்றுவிடும். காபி புளித்து, தண்ணியாக, நடுவில் ஏதோ காணாமல் போனது போல இருக்கும். உடனே 'தூள் போதவில்லை' என்று இன்னொரு ஸ்பூன் போடுவார்கள். அப்போது கிடைப்பது திக்கான புளிப்பு.

நேரமும் முக்கியம். முழுத் தொட்டியும் ஓடி முடிக்க 4 முதல் 8 நிமிடம். இங்கேதான் வாட் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு ஏற்ற சுமார் 293 கிலோஜூல் வேண்டும். 1400 வாட் ஹீட்டர் அதை மூன்றரை நிமிடத்தில் கொடுத்துவிடும். 900 வாட்டுக்கு ஐந்தரை நிமிடம். 600 வாட்டுக்கு எட்டு நிமிடத்துக்கும் மேல். இதெல்லாம் காகிதக் கணக்கு. உண்மையில் நீராவியாகப் போவது, உலோகம் குடிப்பது, ஹாட் பிளேட் பிடுங்கிக்கொள்வது எல்லாம் சேர்ந்து இன்னும் நீளும். ஒரே ஹீட்டர் தண்ணீரையும் சுடவைத்து, குடுவை உட்காரும் தட்டையும் சுடவைக்கும் மாடல்களில் இந்த இழப்பு அதிகம். ஒரு லிட்டர், அதற்கு மேல் என்றால் 1400 வாட்டுக்குக் குறைந்ததைத் தொட வேண்டாம் என்பது என் கட்சி. அரை லிட்டர் மெஷினுக்கு 700, 800 வாட் போதும். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இந்த எண் இருக்கும். அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரும்பாலும் இருக்காது.

ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் வீட்டு மெஷின்களைச் சோதித்துச் சான்று தருகிறது. நார்வேயில் உள்ள ஐரோப்பிய காபி புரூயிங் சென்டரும் தருகிறது. வெப்பம், நேரம், ஷவர் தூவும் சீர் ஆகியவற்றை அளந்து பார்த்துத் தருகிற சான்று என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. சான்று இல்லாததெல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. சான்று இல்லாத மெஷினை நீங்களே சோதிக்கலாம். நுனி மெலிந்த டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். வழக்கமான அளவு தூளும் தண்ணீரும் போட்டு ஓட விடுங்கள். மூடியைக் கொஞ்சம் தூக்கி, தெர்மாமீட்டர் நுனி தூள் குழம்பின் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும்படி பிடியுங்கள். நீராவி கையைச் சுடும், துணி சுற்றிக்கொள்ளவும். முதல் அரை நிமிடம் எண் குறைவாகவே இருக்கும், தூள் அறை வெப்பத்தில் இருந்ததால். ஒரு நிமிடம் கழித்து 90ஐ ஒட்டி வந்து, மூன்றாவது நிமிடத்திலிருந்து 92க்கு மேலே நின்றால் நல்ல மெஷின். சுமாரான மெஷின் 80களிலேயே தவழ்ந்துகொண்டிருந்து, தண்ணீர் தீர்ந்துபோகும் நேரத்தில்தான் 90ஐப் பிடிக்கும். வாங்கிய கையோடு, திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது உத்தமம்.

மலைப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மெஷின் மேல் குற்றமில்லை. அரைப்பை ஒரு படி நைசாக்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை கப் என்பதில் உள்ள ஏமாற்று

பெட்டியில் '10 கப்' என்று போட்டிருப்பார்கள். அந்தக் கப் பெரும்பாலும் 125 மில்லி, சில கம்பெனிகளுக்கு 150 மில்லி. கைப்பிடி வைத்த சாதாரண மக் ஒன்றில் 250 மில்லி பிடிக்கும். ஆக 10 கப் மெஷின் என்பது ஐந்து மக். கப் எண்ணிக்கையை மறந்துவிட்டு, தொட்டி எத்தனை லிட்டர் என்று மட்டும் பாருங்கள்.

விருந்தாளி வந்தால் உதவும் என்று பெரியதாக வாங்குவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தப்பு. 1.8 லிட்டர் மெஷினில் தினமும் 400 மில்லி போட்டால் இரண்டு விதத்தில் அடி வாங்கும். ஹீட்டரும் குழாயும் ஷவரும் சூடேறி முடிப்பதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும், அதனால் வெப்பம் 92ஐத் தொடாது. அடுத்து, அகலமான தட்டைக் கூடையில் 24 கிராம் தூள் ஒரு சென்டிமீட்டர் படலமாகப் பரவிக் கிடக்கும். தண்ணீர் அதைத் தொட்டதும் தொடாததுமாக ஓடிவிடும். அகல உழுவதிலும் ஆழ உழு என்பது வயலுக்கு மட்டுமல்ல, காபித் தூளுக்கும் பொருந்தும். உலர்ந்த தூளின் ஆழம் இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தினமும் போடும் அளவு தொட்டியின் பாதிக்குக் குறையாமல் இருக்கும்படி மெஷினைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. விருந்தாளிக்கு இரண்டாவது முறை ஓட்டிக்கொள்ளலாம்.

அளவு அடிக்கடி மாறும் வீடாக இருந்தால் கூம்பு வடிவக் கூடை நல்லது. கொஞ்சத் தூள் போட்டாலும் நுனியில் குவிந்து ஆழம் கிடைத்துவிடும். எப்போதும் ஒரு லிட்டருக்கு மேல் போடுகிறவர்களுக்குத் தட்டைக் கூடைதான் சரி. பரப்பு முழுக்க ஒரே மாதிரி இறங்கும். சில மெஷின்களில் '1-4 கப்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஓட்டத்தை மெதுவாக்கும் சுவிட்ச் அது, கொஞ்சமாகப் போடும் நாளில் மறக்காமல் போடுங்கள்.

ஷவரும் கூடையும்

மெஷின் எப்படித் தூவுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, காபி போட்டு முடித்ததும் கூடையை வெளியே எடுத்து நனைந்த தூளைப் பாருங்கள். மேற்பரப்பு சமமாக, ஒரே கருமையாக இருந்தால் சரி. நடுவில் குழி விழுந்து ஓரத்துத் தூள் உயரமாக, வெளிறிய நிறத்தில் நின்றால், தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டுகிறது. குழியில் உள்ள தூள் கசப்புவரை பிழியப்பட்டிருக்கும், ஓரத்தில் உள்ளது பாதி வேலையோடு நின்றிருக்கும். இரண்டும் ஒரே குடுவையில் சேரும்போது புளிப்பும் கசப்பும் ஒன்றாக வரும், இனிப்பு வராது. ஸ்பூனால் ஒரு ஓரத்தைக் கிளறிப் பாருங்கள்: அடியில் உலர்ந்த தூள் அகப்பட்டால் அந்த மெஷினுக்கு நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும். ஓடத் தொடங்கி அரை நிமிடத்தில் மூடியைத் திறந்து, ஸ்பூன் காம்பால் மூன்று நான்கு சுற்று மெதுவாகக் கலக்கிவிட்டால் பெரும் பகுதி சரியாகிவிடும். வாங்கும்போதே பல துளை உள்ள அகலமான ஷவராகப் பார்த்து வாங்கினால் இந்த வேலை மிச்சம்.

'புளூம்' அல்லது 'ப்ரீ-இன்ஃப்யூஷன்' என்று விளம்பரப்படுத்துவதில் விஷயம் இருக்கிறது. புதிதாக வறுத்த கொட்டையில் கார்பன் டை ஆக்சைடு அடைந்திருக்கும். வாயு வெளியே வரும் வேகத்தில் தண்ணீரை உள்ளே விடாது. தூளின் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றி 30 முதல் 45 நொடி காத்திருந்தால் தூள் பொங்கி அடங்கும், பிறகு சீராக நனையும். இந்த வசதி இல்லாத மெஷினில், தண்ணீர் தூளை நனைத்ததும் சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டால் அதே பலன். வறுத்து இரண்டு மாதம் ஆன தூளுக்கு இது எதுவும் தேவையில்லை. பொங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

கூடையின் அடியில் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே குடுவையை எடுத்தால் சொட்டாமல் தடுப்பதற்கு. வசதிதான், ஆனால் அப்படி நடுவில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். முதலில் இறங்குவது திக்காக இருக்கும், கடைசியில் இறங்குவது வெறும் நிறத் தண்ணீர். முழுவதும் இறங்கியபின் குடுவையை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு ஊற்றினால்தான் முதல் மக்கும் கடைசி மக்கும் ஒன்றாக இருக்கும்.

குடுவை

கண்ணாடிக் குடுவையும் ஹாட் பிளேட்டும், அல்லது ஃபிளாஸ்க் போன்ற இரட்டைச் சுவர் ஸ்டீல் குடுவை. ஸ்டீலுக்கே என் ஓட்டு. ஹாட் பிளேட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்த காபி ஆவியாகித் திக்காவது ஒரு பக்கம், அதிலுள்ள சேர்மங்கள் சூட்டில் உடைந்து குயினிக் அமிலம் கூடுவது இன்னொரு பக்கம். நாக்கின் பின்பக்கம் உலர்ந்து இழுக்கிற அந்தப் பழைய காபிக் கசப்பு இப்படித்தான் வருகிறது. போட்டவுடன் குடித்து முடிக்கிற வீட்டுக்குக் கண்ணாடி போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் ஹாட் பிளேட் மெஷின்கள் 40 நிமிடத்தில் தானாக அணைய வேண்டும் என்று விதி. அதுவே அதிகம், 20 நிமிடத்தில் அணைத்துவிடுங்கள்.

ஸ்டீல் குடுவைக்கு இரண்டு நிபந்தனை. போடும் முன் கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த உலோகம் முதல் காபியின் சூட்டைத் திருடிவிடும். வாய் குறுகலாக, கை நுழையாமல் இருந்தால் வாங்காதீர்கள். உள்ளே பழுப்பு எண்ணெய்க் கறை ஏறிவிட்டால் எந்தக் கொட்டையைப் போட்டாலும் ஒரே சிக்கு வாடை அடிக்கும்.

கிரைண்டர் சேர்ந்த மாடல்

மேலே கிரைண்டர், கீழே ட்ரிப் என்று இரண்டும் ஒரே பெட்டியில் வரும் மெஷின்களை நான் பரிந்துரைப்பதில்லை. கூடையிலிருந்து எழும் நீராவி தூள் இறங்கும் வழிக்குள் புகுந்து, அங்கே ஒட்டியிருக்கும் தூளைக் களியாக்கிவிடும். அடிக்கடி பிரஷ் போட்டுத் தேய்க்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று பழுதானால் இரண்டும் போச்சு. அதே காசில் நல்ல ட்ரிப் மெஷினும் தனியாக ஒரு பர் கிரைண்டரும் (பல் வைத்த இரண்டு தட்டுகளுக்கு நடுவே கொட்டையை அரைப்பது) வாங்கலாம். சுழலும் பிளேடு கிரைண்டர் வேண்டாம். அது பொடியும் நொய்யும் கலந்து தரும், பொடி கசக்கும், நொய் புளிக்கும்.

டைமர், வைஃபை, மொபைல் ஆப்: இருந்தால் இருக்கட்டும். இரவே அரைத்துக் கூடையில் போட்டு வைத்த தூள் காலைக்குள் மணத்தில் நல்ல பங்கைத் தொலைத்துவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அளவுகள்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 முதல் 60 கிராம் தூள். அரை லிட்டருக்கு 30. கூட வரும் பிளாஸ்டிக் ஸ்பூனை நம்பாதீர்கள்: கருக வறுத்த தூள் எடை குறைவு, இளம் வறுப்பு எடை கூடுதல், அதே ஸ்பூனில் இரண்டு மூன்று கிராம் வித்தியாசம் வரும். சமையலறைத் தராசு ஒன்று போதும், தண்ணீரையும் அதிலேயே நிறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கிராம் தூளும் சுமார் இரண்டு கிராம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் ஊற்றினால் குடுவையில் 880 மில்லிதான் வரும், மெஷின் திருடவில்லை.

அரைப்பு கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் நடுவில் இருக்கட்டும். கையால் ஊற்றிப் போடும் காபியில் வடியும் நேரத்தை அரைப்பு தீர்மானிக்கும். மெஷினில் அதை ஹீட்டரின் வேகம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடக் கூடையைப் பாருங்கள். பாதி ஓடியிருக்கும்போது தூளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் சரி. தண்ணீரே நிற்காமல் விழ விழ ஓடினால் இன்னும் நைசாக அரைக்க வேண்டும். ஃபில்டரின் விளிம்புவரை ஏறினால் நைஸ் அதிகம்.

பேப்பர் ஃபில்டரா, இரும்பு வலையா? பேப்பர் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், காபி தெளிவாக இருக்கும். வலை எண்ணெயையும் நுண்தூளையும் விடும், நாக்கில் கனமாக இருக்கும். அந்த எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டக்கூடியது. கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்கிறவர்கள் பேப்பரோடு இருப்பது நல்லது. பழுப்பு நிற பேப்பராக இருந்தால் வெந்நீரில் ஒருமுறை அலசிவிடுங்கள், அட்டை வாடை போகும்.

தண்ணீரும் உப்பும்

ஆர்.ஓ. தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 20, 30 என்று இருந்தால் காபி சப்பென்று இருக்கும்; ருசியைப் பிடித்து இழுக்க கால்சியமும் மக்னீசியமும் கொஞ்சம் வேண்டும். டிடிஎஸ் 150ஐ ஒட்டி இருப்பது நல்ல அளவு, 75 முதல் 250 வரை சமாளிக்கலாம். அதற்கு மேலே போனால் காபி மந்தமாகி, அலுமினியக் குழாய்க்குள் வெள்ளை உப்பு படிய ஆரம்பிக்கும். ஆர்.ஓ. தண்ணீரோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்து டிடிஎஸ் மீட்டரில் பார்த்துக்கொள்வது சுலபமான வழி. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

உப்பு படிந்ததற்கு அடையாளம்: முன்பு ஆறு நிமிடத்தில் முடிந்தது ஒன்பது நிமிடம் எடுக்கும், நீராவியும் சத்தமும் கூடும், கடைசியில் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் மீந்துபோகும். லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, பாதி ஓடியதும் அணைத்து 20 நிமிடம் விடுங்கள். பிறகு மிச்சத்தை ஓட்டி, வெறும் தண்ணீரை மூன்று தொட்டி விடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டாம், ஆசிட் அலுமினியத்தை அரிக்கும். வினிகரும் வேலை செய்யும், ஆனால் அதன் வாடை ரப்பர் குழாயில் ஏறி உட்கார்ந்துகொண்டு லேசில் போகாது.

கோளாறு வந்தால்

கூடை பொங்கி வழிகிறதா? குடுவை சரியாக உள்ளே தள்ளப்படாமல் வால்வு மூடியே இருந்திருக்கும். அல்லது பேப்பர் மடிந்து சாய்ந்திருக்கும். அல்லது வால்வின் துளையில் நுண்தூள் அடைத்திருக்கும். வால்வை விரலால் அழுத்திக்கொண்டு குழாயடியில் கழுவினால் போதும்.

தொட்டியில் தண்ணீர் இருந்தும் ஓடவில்லை, ஆனால் ஹாட் பிளேட் சுடுகிறது என்றால் ஒருவழி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கும். மெஷினை ஆறவிட்டு, தொட்டியில் பாதி தண்ணீரோடு லேசாக இருபக்கமும் சாய்த்து ஆட்டிப் பாருங்கள். ஹாட் பிளேட்டும் சுடவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது என்றால் பெரும்பாலும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். அது ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான், தானாக மீளாது. மலிவான பாகம்தான், ஆனால் அதைத் தவிர்த்து ஒயரை நேராக இணைத்துத் தருகிறேன் என்று ரிப்பேர்காரர் சொன்னால் மெஷினைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் மக்கர் செய்யும் நாளில் வீடு தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ் ஒன்றுதான்.

மற்றபடி இந்த மெஷின்களில் முதலில் போவது ஹீட்டர் இல்லை, சிங்க்கில் இடிபட்டு உடையும் கண்ணாடிக் குடுவை. அது தனியாகக் கிடைக்குமா, கிடைத்தால் மெஷின் விலையில் எத்தனை பங்கு என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.